வாசகர் கேள்வி – பதில்: மலையில் ஒரு நடை தவறினால்

போன இதழில் உங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மேல்மலையிலிருந்தும் வந்த கடிதங்களே பெரிய கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு பஸ் மட்டும் பேசலாம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும்.

எங்கள் ஹட்டிக்கு (படுகர் கிராமம்) ஒரு நாளைக்கு நாலு நடை பஸ் வருகிறது. கூடுதல் பஸ் வேண்டும் என்று பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், பதிலே இல்லை. எப்படிக் கேட்டால் கிடைக்கும்?
– கோத்தகிரி பக்கத்து வாசகி

"கூடுதல் பஸ்" என்று மட்டும் எழுதினால், அதற்கு எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், எத்தனை கண்டக்டர் என்று மனுவைப் படிப்பவர் தானே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், அவர் போடமாட்டார். நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் ஊரிலிருந்து கோத்தகிரி போய்த் திரும்பி, இரண்டு முனையிலும் நின்று கிளம்புகிற நேரத்தையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் அந்தத் தடத்துக்கு மூன்று வண்டி தேவை. ஒன்றேகால் மணிக்கு ஒன்று போதும் என்றால் இரண்டே வண்டி. வெறும் கால் மணி நேரம் விட்டுக்கொடுத்ததில் ஒரு முழு வண்டியும் அதன் ஆட்களும் மிச்சம், இதை மனுவிலேயே எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எழுபது நிமிடத்தில் போய்த் திரும்பக்கூடிய ஒரு சின்னத் தடத்தில் மணிக்கு ஒரு நடை ஓட்ட இரண்டு வண்டி வேண்டும், ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஐம்பது நிமிடம் ஸ்டாண்டில் சும்மா நிற்கும். அதே மாதிரி இன்னொரு தடம் கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் இருந்தால், அதற்கும் இரண்டு, ஆக நாலு. இரண்டு தடத்தையும் ஒன்றாக்கி, இந்தக் கடைசியிலிருந்து கோத்தகிரி நடுவே போய் அந்தக் கடைசி வரை ஒரே வண்டியாக ஓட்டினால் மூன்றே போதும், மிச்சமாகும் நாலாவது வண்டியைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அப்புறம் ஒரு நன்மை, கோத்தகிரியில் இறங்கி ஏறாமல் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நேராகப் போய்விடலாம்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால், இருக்கிற நாலு நடை எந்தெந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். காலையில் இருபது நிமிட இடைவெளியில் இரண்டு வந்துவிட்டு, மத்தியானம் மூன்று மணி வரை ஒன்றுமே இல்லாத ஊர்கள் மலையில் நிறைய. நேரத்தை மாற்றி அடுக்குவதற்கு புது வண்டி வேண்டாம், புது ஆளும் வேண்டாம், அதைத்தான் முதலில் கேளுங்கள். கிராம ஊராட்சியாக இருந்தால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாட்களில் நடக்கிற கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, நகலை போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டருக்கும் கொடுங்கள். தனி மனுவைவிட தீர்மானத்துக்கு எடை அதிகம்.

கொலக்கம்பையிலிருந்து குன்னூர் வந்து அங்கே வண்டி மாறி கோத்தகிரி ரோட்டில் வேலைக்குப் போகிறேன். எங்கள் பஸ் குன்னூர் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது கோத்தகிரி பஸ் வெளியே போய்க்கொண்டிருக்கும். கை காட்டினாலும் நிற்காது. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம். இது என் விதியா?

இல்லை, இது நேர அட்டவணை போட்ட விதம். ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாக நேரம் போட்டால் இப்படித்தான் வரும். பஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வருகிற பெரிய நகரத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, ஒன்று போனால் இன்னொன்று. முக்கால் மணிக்கு ஒன்று ஓடுகிற இடத்தில் இணைப்புதான் எல்லாமே.

இதற்குத் தீர்வு கண்டுபிடித்தவர்களும் மலைநாட்டுக்காரர்கள்தான். சுவிட்சர்லாந்தில் 1982ல் நாடு முழுக்க ரயில்களை மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் ஓடும்படி அட்டவணை மாற்றினார்கள், காலை 7.05க்கு என்றால் 8.05, 9.05 என்று நாள் பூராவும். ரயில்கள் ஸ்டேஷனில் சந்தித்துக்கொள்ளும், மலைக் கிராமத்துக்குப் போகிற மஞ்சள் தபால் பஸ் வெளியே காத்திருக்கும், ஆட்கள் மாறி ஏறியதும் எல்லாம் கிளம்பும். குன்னூரைப் பாருங்கள், ஊட்டி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம், கொலக்கம்பை என்று பாதைகள் எல்லாம் வந்து கூடுகிற ஊர். கிராம வண்டிகள் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே வந்து, மணிக்கு ஐந்து நிமிடம் கழித்து வெளியே போனால், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் கால் மணி நேரத்தில் மாறிவிடலாம். ஸ்டாண்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் இடம் இருக்காது என்பார்கள், உண்மைதான், குன்னூர் ஸ்டாண்ட் சின்னது. அதனால் எல்லாத் தடத்துக்கும் கேட்க வேண்டாம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆட்கள் அதிகம் மாறுகிற மூன்று நாலு தடங்களுக்கு மட்டும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்களோடு வண்டி மாறுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணி எழுதிக்கொடுத்தால், அதைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது மெதுவாக வருவது புரிகிறது. இறங்கும்போதும் ஏன் உருட்டுகிறார்கள்? கார்களெல்லாம் பறக்கின்றனவே.
– கோவை வாசகர்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அத்தனை உயரத்தையும் பிரேக்கை மிதித்தே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும், ஆட்கள் நிறைந்த பஸ்ஸில் அது என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. அதனால்தான் எந்த கியரில் ஏறினோமோ ஏறக்குறைய அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து வைக்கிறது, பிரேக் கொண்டை ஊசி வளைவுக்கு. அது தவிர, குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் சொல்கிற பறக்கும் கார்கள் இதைச் செய்வதில்லை. அந்த டிரைவர் உங்களைப் பத்திரமாக இறக்கிக்கொண்டிருக்கிறார், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

பெண்களுக்கு இலவசம் என்று விட்டதிலிருந்து பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது, அதனால்தான் கிராம நடைகளைக் குறைக்கிறார்கள் என்று எங்கள் டீக்கடையில் பேச்சு. உண்மையா?
– ஊட்டி வாசகர்

இலவசப் பயணத்துக்கான பணத்தை அரசு பட்ஜெட்டில் ஒதுக்கித் தருகிறது, அதனால் அந்தப் பேச்சு அப்படியே சரியில்லை. 2021 மே மாதம் திட்டம் வந்தபோது அது டவுன் பஸ்ஸுக்கு மட்டும் என்றிருந்தது, மலையில் ஓடுவதெல்லாம் புறநகர் பஸ் கணக்கில் வருவதால் நம் பெண்கள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் வெளியே நின்றார்கள். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் மலைப்பகுதிகளுக்கும் நீட்டித்தார்கள். தேயிலை பறிப்பது பெரும்பாலும் பெண்கள்தான், ஒரு நாள் கூலியில் பஸ்ஸுக்கு எவ்வளவு போனது என்று எஸ்டேட் லைன் வீடுகளில் எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்வார். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை, இது இருக்க வேண்டிய திட்டம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. காசு இல்லாத டிக்கெட்டாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் கண்டக்டர் "பரவாயில்லை, உட்காருங்கம்மா" என்று விட்டுவிட்டால், அந்த நடையில் நீங்கள் பயணம் செய்யவே இல்லை என்றுதான் மெஷினில் பதிவாகும். நாளைக்கு எந்த நடையை வெட்டலாம் என்று பார்க்கும்போது உங்கள் பஸ் காலியாக ஓடியதாகக் கணக்கு நிற்கும்.

எங்கள் ஊரில் இரவு தங்கிக் காலையில் கிளம்பும் ஹால்ட் பஸ் ஒன்று உண்டு. வாரத்தில் சில நாள் அது வருவதே இல்லை. இரவு வராவிட்டால் மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸும் இல்லை. பிள்ளைகள் மெயின் ரோடு வரை நடக்கிறார்கள், யானை நடமாடுகிற பாதை.
– பந்தலூர் பக்கத்து வாசகர்

இந்தக் கட்டிலேயே என்னை அதிகம் வருத்திய கடிதம் இது. கூடலூர், பந்தலூர் பகுதியில் விடியற்காலை இருட்டில் தேயிலைத் தோட்டத்து வழியே நடப்பது எவ்வளவு ஆபத்து என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நடை எப்படி வெட்டுப்படுகிறது என்று பார்ப்போம். காலையில் ஏதோ ஒரு தடத்தில் வண்டி பழுது, அல்லது டிரைவர் லீவு. அங்கே ஆரம்பித்த தாமதம் ஒவ்வொரு நடைக்கும் கைமாறி சாயங்காலம் ஒரு மணி நேரமாகிவிடுகிறது. கடைசி நடை ஓட்டினால் ஆட்களின் வேலை நேரம் தாண்டிவிடும், அதனால் அதை வெட்டுகிறார்கள். வசூல் கணக்கில் பார்த்தாலும் கடைசி நடையில் ஆள் குறைவு, வெட்டினால் நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தக் கடைசி நடைதான் மறுநாள் முதல் நடை, அதில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போகிற வழியில் திரும்பி வர பஸ் இருக்குமா என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால், அவர் நடுப்பகல் பஸ்ஸிலும் ஏறமாட்டார், ஜீப்புக்குப் போய்விடுவார். ஆக, கடைசி நடையை வெட்டியதில் மற்ற நடைகளின் கூட்டமும் குறைகிறது, அப்புறம் "கூட்டம் இல்லை" என்று அதையும் வெட்டுவார்கள்.

நான் கேட்பது, ஒரு வண்டி குறைந்தால் எந்த நடையை வெட்டுவது என்று கிளையில் முன்கூட்டியே ஒரு பட்டியல் இருக்க வேண்டும், ஹால்ட் பஸ் அந்தப் பட்டியலில் வரவே கூடாது. வெட்டுவதாக இருந்தால் மெயின் ரோட்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிற தடத்தில் ஒன்றை எடுங்கள், அங்கே ஒருவர் கூடுதலாகக் கால் மணி நேரம் நிற்பார், அவ்வளவுதான்.

உங்கள் பக்கமும் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. ஹால்ட் ஆட்களுக்குப் படுக்க இடம், கழிப்பறை, வெந்நீர் இருக்கிறதா என்று பாருங்கள். மழை நாளில் பஸ் சீட்டிலேயே குளிரில் சுருண்டு படுத்துவிட்டுக் காலையில் கொண்டை ஊசி வளைவில் வண்டி எடுக்கச் சொல்வது நியாயமே இல்லை. ஊர் சமுதாயக் கூடத்தில் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மனு எழுதுங்கள். பஸ் வராத தேதிகளையும் குறித்து வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "இந்தத் தடத்தில் கடந்த மூன்று மாதத்தில் ஓட வேண்டிய நடை எத்தனை, ஓடியது எத்தனை, ஓடாததற்குக் காரணம் என்ன" என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

இ-பாஸ் வந்தும் சீசனில் ஊட்டிக்குள் நகர முடியவில்லை. உள்ளூர்க்காரர்கள் பஸ்ஸில் போனால் சேரிங்கிராஸிலேயே ஒரு மணி நேரம் போகிறது. அப்படியிருக்க எதற்கு பஸ்ஸில் போக வேண்டும்?

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள், ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர் வண்டிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சரி, 8,000 வண்டி உள்ளே வந்தபிறகு அது எங்கே நிற்கும், பொட்டானிக்கல் கார்டனிலிருந்து படகு இல்லத்துக்கு எப்படிப் போகும்? அந்தக் காரையே மறுபடி எடுத்துக்கொண்டுதான். மலைக்கு ஏறிய ஒரு கார் ஊருக்குள் நாலைந்து தடவை ஓடுகிறது, நெரிசலில் பெரிய பங்கு அதுதான்.

ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு ஒரே டிக்கெட்டில் இடங்களைச் சுற்றிப் பார்க்கும் சுற்றுப் பஸ் சீசனில் ஓடுகிறது, நல்ல ஏற்பாடு. அது வெற்றி பெற இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் காக்க வைக்கக்கூடாது, குழந்தையோடு குளிரில் நிற்கிற குடும்பம் ஒரு தடவை அரை மணி நேரம் நின்றால் மறுநாள் காரை எடுத்துவிடும். இரண்டு, அந்த வண்டிகளைக் கிராமத் தடத்திலிருந்து எடுக்கக் கூடாது. சமவெளியிலிருந்து கொண்டுவரலாம், ஆனால் மலைச்சாலை ஓட்டிப் பழகிய டிரைவரோடு.

சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாடு செய்கிறார்களே, அதில் கோத்தகிரிப் பாதை பஸ்களுக்கு ஓட்ட நேரம் கூடிவிடும். அட்டவணை மட்டும் பழையபடியே இருக்கும், இரண்டு நடை ஓடி முடிப்பதற்குள் எல்லாம் குழம்பிப் போகும். ஏப்ரல், மே மாதத்துக்குத் தனி அட்டவணை அச்சடித்து, நடை ஒன்று குறைந்தாலும் சொன்ன நேரத்துக்கு வருகிற மாதிரி போட்டால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்குப் பூண்டும் காய்கறியுமாகப் போகிறோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெரிய பஸ் விடலாமே?

பெரிய பஸ் அந்த வளைவில் திரும்பாது. மலைத் தடத்துக்கு நீளம் குறைந்த வண்டிகளைப் போடுவது அதற்காகத்தான். பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பக்கமெல்லாம் பெரிய வண்டி ஒன்றைவிட சின்ன வண்டி இரண்டுதான் பொருந்தும், ஆனால் வண்டிக்கு வண்டி டிரைவர் வேண்டும், பஸ் ஓட்டும் செலவில் ஆட்கள் சம்பளம் பெரிய பங்கு, தயக்கம் அங்கேதான்.

2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தைப் பாருங்கள். ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். கொடைக்கானல் வரை நேரடியாக உங்களுக்கு இது பொருந்தாமல் போகலாம், மெயின் ரோட்டிலேயே பஸ் ஓடுகிறதே. ஆனால் உள்ளே தள்ளியிருக்கிற குடியிருப்புகளிலிருந்து பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ இணைப்பு வண்டியாகக் கேட்கலாம். மூட்டைக்கு, சந்தை நாள் காலை நடைக்கு மட்டும் பின்பக்க சீட் இரண்டைக் கழற்றி இடம் விடச் சொல்லிக் கேளுங்கள், ஆட்களும் மூட்டையும் ஒரே வழியில் முட்டிக்கொள்வதால்தான் ஏறி இறங்கவே அவ்வளவு நேரமாகிறது.

மின்சார பஸ் மலை ஏறுமா?

ஏறும். இமாச்சலத்தில் 2017லேயே மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்கு ஓட்டிக் காட்டிவிட்டார்கள், அது ஊட்டியைவிட மிக உயரம். நம் கணக்கைப் பாருங்கள், 12 டன் எடையுள்ள பஸ்ஸை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி உயரத்துக்குத் தூக்க மட்டுமே 60 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும், சாலையில் உருள்வதற்கும் சேர்த்தால் இன்னும் அதிகம். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தரும். இதில் கவனிக்க வேண்டியது, ஊட்டியில் முழுசாக சார்ஜ் ஏற்றி இறக்கினால் பேட்டரியில் இடமில்லாமல் அந்த மின்சாரம் சேராது, மோட்டார் பிரேக்கும் பலம் குறையும். சார்ஜ் போட வேண்டிய இடம் கீழே மேட்டுப்பாளையம். முதலில் ஊட்டி – குன்னூர் தடத்தில் விட்டுப் பார்க்கலாம், தூரம் குறைவு, நடை அதிகம், புகையும் அங்கேதான் அதிகம்.

பஸ் நேரத்தை எங்கே பார்ப்பது? செயலி ஏதும் இருக்கிறதா?
– எடப்பள்ளி வாசகி

பாதி வழியில் சிக்னலே இல்லாத மலையில் செயலியைவிட நிழற்குடைச் சுவர் மேல். கிளைக்குப் போய் உங்கள் நிறுத்தத்தைத் தாண்டும் எல்லா நடைகளின் நேரத்தையும் எழுத்தில் வாங்கி, பெயின்ட்டில் பெரிய எழுத்தாக எழுதி வையுங்கள், இளைஞர் மன்றம் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடும். ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் நேரத்தைப் போடாதீர்கள், உங்கள் நிறுத்தத்துக்கு வரும் நேரத்தைப் போடுங்கள். ஞாயிறு ஓடாத நடைக்கு ஒரு குறி. கீழே எந்தத் தேதியிலிருந்து இந்த நேரம் என்று கட்டாயம் எழுதுங்கள், அட்டவணை மாறினால் அன்றைக்கே அழித்து எழுத ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.